இலை கொட்டும் காலத்தில் நட்ட டிஷ்

போன மாதம் எங்கள் வீட்டுக்கு பைபர் கம்பி இழுக்க இரண்டு பேர் வந்தார்கள். சுருக்காக வேலையை முடித்துவிட்டு டீ குடிக்கும்போது, அவர்களில் ஒருவர் டீவி மேசைக்கடியில் கிடந்த கறுப்புப் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஐயா, இது டிஷ் டீவிப் பெட்டிதானே? பின்னால போன் வயர் குத்துற ஓட்டை எதுக்கு? கம்ப்யூட்டருக்கும் ஒரு ஓட்டை இருக்கே?" என்றார். இந்தப் பெட்டி வழியாகத்தான் ஒரு காலத்தில் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கொடுத்தோம் என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கிழவன் கதை விடுகிறான் என்று நினைத்திருப்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், முதன்முதலில் கேள்விப்பட்டபோது நானும் அப்படித்தான் சிரித்தேன்.

நான் இலங்கையில், தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தொண்ணூற்றிரண்டில் டவுனில் ஒரு டீவி ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். அப்போது தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயங்கள் பலவற்றில் கரண்ட் கிடையாது. கார் பேட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளை டீவி, பாக்குமரக் கம்பின் உச்சியில் ஒரு அன்டெனா, அதைத் திருப்ப வெளியே ஒரு ஆள், "இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம், ஐயோ போச்சு" என்று கத்த உள்ளே ஒரு ஆள். நான் படித்த படிப்பு அவ்வளவுதான். மீதியை ஷாக் அடித்து அடித்துக் கற்றுக்கொண்டேன். பிறகு டிஷ் காலம் வந்தது. அவிசாவளையில் ஒரு டிஷ் டீவிக் கம்பெனி கிளை திறந்தது. தமிழும் சிங்களமும் பேசுகிற, மேடு ஏறத் தயங்காத ஆள் வேண்டும் என்றார்கள். போனேன், ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். தோட்டங்களில் எனக்குப் பெயர் டிஷ் அண்ணன். அம்மா அப்பா வைத்த பெயரைச் சொன்னால் அங்கே யாருக்கும் தெரியாது.

எனக்கு மேலே இருந்தவர் குணதிலக்க மாத்தயா. மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. ஒல்லியான மனிதர். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் உயரும், அவருக்குத் தாழும். காதருகில் வந்து மெதுவாகப் பேசினார் என்றால் தொலைந்தோம் என்று அர்த்தம்.

ஒரு வீட்டுக்குப் போனதும் பையைத் திறக்க விடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார். நானும் பக்கத்தில் நிற்க வேண்டும். "அஹச பேனவாத?" என்று கேட்பார். வானம் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. டிஷ் பார்க்கிற பக்கம் வானம் தெரியாவிட்டால் மற்ற வேலையெல்லாம் விழலுக்கு இறைத்த நீர் என்பது அவர் கட்சி. அடுத்தது கம்பம். தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார். மயிரிழை சாய்ந்திருந்தாலும் பிடுங்கி நடச் சொல்வார். அதற்குப் பிறகுதான் மீட்டர், ஸ்பேனர் எல்லாம். நட்டுகளை இரு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒரே பக்கமாக இறுக்கினால் டிஷ் ஒரு நூல் நகர்ந்துவிடும், இங்கே ஒரு நூல் என்றால் வானத்தில் எத்தனையோ மைல்.

கடைசியில் ஒரு சடங்கு உண்டு. வீட்டுக்காரர் தன் கையால் பெட்டியை அணைத்து, திரும்பப் போட்டு, படம் வருவதை நமக்குக் காட்ட வேண்டும். அதுவரை அந்த வீட்டு டீயைத் தொடமாட்டார். "நம்ம கையில வேலை செய்யிறது பெரிய விஷயமில்ல. அவங்க கையில செய்யணும்" என்பார் சிங்களத்தில். டீ ஆறிப்போவதைப் பார்த்துப் பார்த்து ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். பின்னால் எனக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது.

இன்டர்நெட் பெட்டி வந்தது இரண்டாயிரத்து ஆறு வாக்கில். டீவிக்கு உள்ள அதே பெட்டிதான், ஆனால் பின்னால் போன் கம்பியும் கம்ப்யூட்டர் கம்பியும் சேரும். நாம் கம்ப்யூட்டரில் கேட்பது போன் கம்பி வழியாகக் கொழும்புக்குப் போகும். பதில் மட்டும் வானத்திலிருந்து டிஷ்ஷில் இறங்கி, பெட்டி வழியாகக் கம்ப்யூட்டருக்கு வரும். போகிற வழி ஒற்றையடிப் பாதை, வருகிற வழி பஸ் ரோடு என்று வீடுகளில் விளக்குவேன். எல்லாருக்கும் விளங்கியது என்று சொல்ல முடியாது. ஒரு தோட்டத்துக் கிளாக்கர் ஐயா, டீவியும் சேர்ந்து ஓடினால்தான் இன்டர்நெட் வரும் என்று நம்பினார். வேகம் குறைந்தால் டீவி சத்தத்தைக் கூட்டுவார். அப்படி இல்லை ஐயா என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் சம்சாரம், "விடுங்க தம்பி, சத்தமா வச்சாத்தான் அவருக்கு வேகமா வருது" என்றார்.

வாங்கியவர்கள் பெரும்பாலும் தோட்டத்தை நடத்துகிற துரைமார், டாக்டர்மார், கிளாக்கர்மார். லயத்து வீடு ஒன்றுக்கு நான் அந்தப் பெட்டியைக் கொண்டுபோனது ஒரே ஒரு தடவைதான். அது லூர்தம்மா அக்கா வீடு.

லூர்தம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். ரோட்டோரத்து லயத்தில் கடைசி வீடு. ரோட்டோரம் என்பதால் கம்பிப் போன் கிடைத்திருந்தது. கணவர் இறந்து பல வருடம். மூத்தவள் ரோசலின் சைப்ரசில் ஒரு ஹோட்டலில், துணி துவைத்து இஸ்திரி போடும் பகுதியில் வேலை செய்தாள். இளையவன் அருள்தாஸ், முப்பதை நெருங்கியவன், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறையில் வேலை. அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. பள்ளிக்கூடத்திலும் சேர்த்துக்கொள்ளவில்லை. அக்காவும் தம்பியும் சின்ன வயதிலேயே தங்களுக்கென்று ஒரு கைப்பாஷையை உண்டாக்கிக்கொண்டார்கள். அது வேறு யாருக்கும் முழுசாகத் தெரியாது. பெற்ற தாய்க்கே சாப்பாடு, வேலை, காய்ச்சல் என்கிற அளவுக்குத்தான் விளங்கும்.

அக்கா விமானம் ஏறிய நாளிலிருந்து அருளுக்குப் பேச ஆளில்லை. போன் வந்தால் அம்மா பேசுவார். அவன் வந்து ரிசீவரைத் தொட்டுப் பார்ப்பான், பிறகு வெளியே போய்விடுவான். சாப்பாடு குறைந்தது, வேலைக்கும் சரியாகப் போவதில்லை. லூர்தம்மா இதை மகளிடம் சொல்லி அழுதிருக்கிறார். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை லீவு, இன்டர்நெட் கடைக்குப் போனால் கேமராவில் முகம் பார்த்துப் பேசலாம். ரோசலின் அவிசாவளைக் கடை ஒன்றின் மூலம் கம்ப்யூட்டரும் கேமராவும் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். எங்கள் கம்பெனிக்கும் அவளே போன் போட்டாள். "அண்ணே, எங்க ரெண்டு பேருக்கும் கையாலதான் பேச்சு. படம் தெளிவா வரணும்ணே" என்றாள்.

தை மாதத்தில் குணதிலக்க மாத்தயாவும் நானும் போனோம். லயத்துக்கு மேலே மேட்டில் ரப்பர் மரங்கள், வீட்டுக் கூரைக்கு மேலே சாய்ந்தாற்போல நின்றன. மாத்தயா முற்றத்தில் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். வானம் நீலமாக, நிறைய இருந்தது. "அஹச பேனவா" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கம்பம் நட்டேன். காலடியில் சருகு நொறுங்கியது. மீட்டர் ஊசி தயங்காமல் ஏறியது. அருள் தன் கையால் பெட்டியை அணைத்து, போட்டுக் காட்டினான். மாத்தயா டீயை எடுத்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலையில்லை, ஆனாலும் போனேன். இரண்டு மணி சொச்சத்துக்கு ரோசலின் திரையில் வந்தாள். அருள் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு இடக்கையை மரம் மாதிரி செங்குத்தாக நிறுத்தி, வலக்கை விரலை உள்ளங்கையில் மேலிருந்து கீழே சாய்வாக இழுத்தான். பால் வெட்டுகிற மாதிரி. அந்தப் பக்கம் அவளும் அதையே செய்து, இவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"என்னைத்தான் சொல்லுதுங்க தம்பி" என்றார் லூர்தம்மா. "அம்மான்னா அதுங்களுக்கு அதான். சின்னதுல நான் வெட்டுறதப் பாத்துப் பாத்து வச்ச பேரு." சொல்லும்போது சிரித்தார், சேலைத் தலைப்பால் மூக்கையும் துடைத்துக்கொண்டார்.

எனக்கும் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது எல்லாம் மெகா தொடரும் கிரிக்கெட்டும்தான். அன்றைக்குத்தான் ஒரு வேலை செய்த மாதிரி இருந்தது.

அவள் படம் டிஷ் வழியாக வந்ததால் நன்றாகத் தெரிந்தது. இவன் படம் ஒடுங்கிய போன் கம்பியில் போனதால் விட்டு விட்டுத்தான் போய்ச் சேர்ந்தது. வேகமாகக் கையசைத்தால் அவளுக்கு ஒன்றும் புரியாது. இரண்டு வாரத்தில் அவனே வழி கண்டுபிடித்தான். ஒரு சைகை செய்வான், கையை அப்படியே நிறுத்துவான், அவள் தலையாட்டிய பிறகுதான் அடுத்தது. அருள் மறுபடி ஒழுங்காக வேலைக்குப் போகத் தொடங்கினான்.

பங்குனி பிறந்ததும் கோளாறு ஆரம்பித்தது. படம் திடீர் திடீரென்று நின்றது. அதே சமயத்தில் ரோசலினும் வரிசையாகச் சில ஞாயிறு வரவில்லை, வேலை அதிகம் என்று போனில் சொன்னாளாம். பிறகு ஒரு ஞாயிறு வந்தாள். மறுநாள் காலையில் ஆபீஸ் திறக்கும்போதே லூர்தம்மாவின் போன். "தம்பி, ஒருக்கா வந்துட்டுப் போங்க. அவனை வச்சுச் சமாளிக்க முடியல."

போனால், அருள் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கம்ப்யூட்டருக்கு முன்னால் நிறுத்தினான். திரையைக் காட்டினான். பிறகு தன் இடக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வலக்கையை மட்டும் ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னான். திரும்பத் திரும்ப அதையே செய்தான்.

"அக்கா ஒரு கையாலதான் பேசுச்சாம். மத்தக் கையக் காட்டவே இல்லையாம். என்னன்னு கேக்கக்குள்ள படம் நின்னுருச்சு" என்றார் லூர்தம்மா. "நான் உடனே போன் போட்டுக் கேட்டேன் தம்பி. ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன், கடையில எடம் நெருக்கம், அதான்னு சொல்றா. இவன் நம்ப மாட்டேங்கறான். ராத்திரி சோறும் திங்கல."

படம் நின்றது இவன் பக்கத்தில் மட்டும்தான். போன் கம்பி வேலை செய்துகொண்டிருந்ததால் இவன் படம் கொஞ்ச நேரம் அவளுக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. இவன் திரையைத் தட்டித் தட்டி, கை எங்கே, கை எங்கே என்று கேட்டதை அவள் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுப் பேசாமல் எழுந்து போயிருக்கிறாள். இதைப் பின்னாளில் அவளே என்னிடம் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்குள் படத்தை வரவழைத்தாக வேண்டும். அருளை அந்த ஒரு கேள்வியோடு விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. கேபிள் முனையைக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற மூக்கில் தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று அதை மாற்றினேன். பெட்டியை மாற்றினேன். போன் கம்பியைச் சோதித்தேன். மீட்டர் ஊசி ஏறுவதும் சரிவதுமாக என்னைக் கேலி செய்தது. ஞாயிறு வந்தது, படம் நிமிஷத்துக்கு ஒருதடவை துண்டு துண்டாக வந்து போனது. அவள் முகம் தெரிந்தது, தோளுக்குக் கீழே தெரிவதற்குள் போய்விட்டது. அருளைத் தெஹியோவிட்ட இன்டர்நெட் கடைக்கும் ஒருதடவை கூட்டிப் போனேன். ஒரே போன் கம்பியை எல்லா மிஷினுக்கும் பிரித்திருந்தார்கள், படம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அடுத்த தடவை குணதிலக்க மாத்தயாவையே அழைத்துப் போனேன். அவரும் முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். கம்பம் நேர்தான், கேபிளும் நல்ல கேபிள்தான். மத்தியானமாகிவிட்டது. நான் கம்பத்தடியில் மல்லாக்கப் படுத்து டிஷ்ஷின் அடி நட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல நிழல். காற்றும் சிலுசிலுவென்று வந்தது. இந்த நேரத்திலும் என்ன சுகமாக இருக்கிறது என்று ஒரு நிமிஷம் கண்ணை மூடினேன். மூடிய கண் தானாகத் திறந்துகொண்டது. தை மாதம் இதே இடத்தில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வெந்து செத்தேனே, இந்த நிழல் எங்கிருந்து வந்தது?

தையில் ரப்பர் மரம் இலை கொட்டும். மொட்டையாக நிற்கும். மாசி, பங்குனியில் தளிர் விட்டு மூடிவிடும். ரப்பர் தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் இது தெரியும். நான் ரப்பர் நிழலில் தொட்டில் கட்டி வளர்ந்தவன். மாத்தயாவின் அப்பா ரப்பர்க் காணி வைத்திருந்தவர். லூர்தம்மா தினமும் அந்த மரங்களுக்கு அடியில்தான் நிற்கிறார். இத்தனை பேரும் அன்றைக்கு முற்றத்தில் நின்று, மொட்டைக் கிளைகளுக்கு நடுவே பார்த்து, வானம் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறோம். வருஷா வருஷம் பார்க்கிற காரியம் என்பதாலேயே ஒருவர் மூளையிலும் அது உறைக்கவில்லை.

நான் மேலே கையைக் காட்டினேன். மாத்தயா அண்ணாந்து பார்த்தார். பிறகு என் காதருகே வந்து, மிகத் தாழ்ந்த குரலில், "கொல" என்றார். இலை. அந்தக் கோபம் என் மேல் இல்லை, தன் மேலேயே.

கிளையை வெட்டினால் தீர்ந்தது. ஆனால் பால் வெட்டுகிற மரத்தில் கிளை வெட்டக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம், அதுவும் அந்த மரங்கள் லூர்தம்மா பொறுப்பில் உள்ளவை. "மரத்துல மட்டும் கை வைக்காதீங்க தம்பி. எம் பேருக்குத்தான் வரும், வேலையே போயிரும்" என்று அவர் பதறினார். மாத்தயா துரையைப் போய்ப் பார்த்தார். துரை மரியாதையாக உட்காரவைத்துப் பேசினார், ஆனால் ஒரு கிளைக்கு உத்தரவு கொடுத்தால் நாளைக்கு ஒரு தோப்புக்குக் கேட்பார்கள் என்று மறுத்துவிட்டார்.

அப்படியானால் டிஷ்ஷைத்தான் நகர்த்த வேண்டும். மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு லயத்தைச் சுற்றி நாய் மாதிரி அலைந்தோம். எங்கே போனாலும் தலைக்கு மேலே இலை. லயத்துக்கு மேலே ஒரே ஒரு இடத்தில் மட்டும் வானம் திறந்து கிடந்தது. அங்கே ரப்பர் நட்டதில்லை, நடவும் மாட்டார்கள். தோட்டத்து ஆட்களைப் புதைக்கிற கல்லறை மேடு.

மேட்டின் ஓரத்தில் வெளியே நின்று மாத்தயா செருப்பைக் கழற்றினார். பிறகுதான் உள்ளே காலை வைத்தார். ஊசி விறுவிறுவென்று ஏறி அசையாமல் நின்றது. அங்கிருந்து வீட்டுக்குக் கேபிள், கம்பெனி அனுமதிக்கிற நீளத்தைத் தாண்டும். வழியில் சிக்னலைத் தூக்கிவிட ஒரு சின்னக் கருவி வேண்டும். "அது என் பொறுப்பு" என்றார். துரையிடம் மறுபடி போனோம். "அங்க எனக்கு மரம் இல்லையே, செஞ்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

லூர்தம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"நல்லா இருக்கு தம்பி நீங்க சொல்றது. செத்தவங்க தலமாட்டுல டீவிக் கம்பமா? அவங்கப்பா அங்கதான் படுத்திருக்காரு. நாலு சனம் என்னா பேசும்? அதுவும் எதுக்கு? அவதான் நல்லா இருக்கேன்னு சொல்றாளே. இவனுக்கு ஒரு பிராந்து, அதுக்கு நீங்களும் சேந்து ஆடுறீங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அருள் வாசலில் நின்று எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்து, அவன் அம்மாவைக் காட்டி, பிறகு திரையைக் காட்டி, அக்கா அன்றைக்கு அம்மாவைப் பற்றி என்ன சொன்னாள் என்று என்னால் முடிந்தமட்டும் கையால் கேட்டேன். அது அவனுக்கு எப்படிப் புரிந்ததோ தெரியாது, ஆனால் புரிந்தது.

அவன் அம்மாவுக்கு எதிரே வந்து நின்றான். இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். வலக்கை விரலை உயர்த்தி, ஒன்றுமில்லாத காற்றில், மேலிருந்து கீழே சாய்வாக இழுத்தான்.

லூர்தம்மா பார்த்தார். "இன்னொருக்கா செய்டா" என்றார், அவனுக்குக் கேட்காது என்பதை மறந்து. அவன் மறுபடி செய்தான். வெட்டுகிற விரல் இருந்தது, மரம் இல்லை.

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அந்தப் பிள்ளைகள் அவரை அந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள். மரம் இல்லாமல் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவர் முகம் மெல்ல மெல்ல மாறியதை நான் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாதாவே" என்றார். அப்புறம், "போடுங்க தம்பி. அவங்கப்பா பக்கத்துலயே போடுங்க. அவரு ஒண்ணுஞ் சொல்லமாட்டாரு. பேசுற சனத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார்.

சனிக்கிழமை கம்பம் நட்டோம். பேசும் என்று அவர் பயந்த சனம்தான் வந்து குழி வெட்டியது, கேபிளுக்கு மூங்கில் நட்டது. மாத்தயா ஒரு கல்லறை மேலும் நிழல்கூட விழாத மாதிரி இடம் பார்த்து, வழக்கம்போலத் தூக்குக்குண்டு விட்டு, வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார்.

ஞாயிறு ரோசலின் வந்தாள். படம் கண்ணாடி மாதிரி நின்றது. வலக்கையை ஆட்டிச் சிரித்தாள். அருள் சிரிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் உயர்த்தி, உள்ளங்கைகளை அவளுக்குக் காட்டி, அப்படியே நிறுத்தினான். அவள் வலக்கையை உயர்த்தினாள். அவன் கைகளை இறக்கவில்லை. அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள், ஏதோ சைகை செய்தாள், கும்பிடுவது போலக்கூடச் செய்தாள். அவன் இறக்கவில்லை. அந்த ஒடுங்கிய போன் கம்பியில் அசைகிற கை போய்ச் சேராது, அசையாத கை முழுசாகப் போய்ச் சேரும். அது அவனுக்குத் தெரியும். கைகள் நடுங்க ஆரம்பித்த பிறகும் அவன் அப்படியே இருந்தான்.

கடைசியில் அவள் இடக்கையை மேசைக்கு மேலே எடுத்து வைத்தாள். வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அது மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

லூர்தம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அருளுக்கு அது கேட்கவில்லை. அவன் மெதுவாகக் கைகளை இறக்கி, திரையில் அந்தத் துணிக்கட்டு தெரிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தான். நான் வெளியே வந்து அழுதேன். குணதிலக்க மாத்தயா முற்றத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் வானத்தைப் பார்க்கவில்லை. டீ கொடுக்கவும் யாரும் இல்லை, குடிக்கவும் யாருக்கும் மனமில்லை.

துணி தேய்க்கிற உருளை மிஷினில் கை மாட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த ஹோட்டல்காரர்கள் அவளை ஒரு மூலையில் உட்காரவைத்துத் துணி பிரிக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். ஏன் மறைத்தாய் என்று அம்மா போனில் கதறியபோது, "சொன்னா வரச் சொல்லுவீங்கம்மா. வந்து என்னா செய்ய? ஒரு கையால பால் வெட்ட முடியுமா?" என்றாளாம். "நீ வந்து சும்மா உக்காருடி, நான் வெட்டுறேன்" என்றாராம் லூர்தம்மா. அங்கிருந்த கன்னியாஸ்திரிகள் உதவி செய்ய, அந்த வருடம் முடிவதற்குள் அவள் வந்துவிட்டாள். பின்னால் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்க்கிற வேலை கிடைத்தது.

அவள் வந்த பிறகு அந்த வீட்டுக்கு இன்டர்நெட் தேவைப்படவில்லை. இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் கம்பெனியும் அந்தச் சேவையை நிறுத்தியது, செல்போனும் டொங்கிளும் வந்து பெட்டியைத் தள்ளிவிட்டன. பெட்டியைத் திரும்ப எடுக்கப் போனபோதுதான் அக்காவும் தம்பியும் நேரில் பேசுவதைப் பார்த்தேன். அருள் இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலக்கையால் மட்டும் பேசினான். அவனுக்கு இரண்டு கையும் சுகம்தான். மற்றவர்களிடம் இரண்டு கையாலும் பேசுகிறான், அக்காவிடம் மட்டும் இப்படி என்றார் லூர்தம்மா. அந்தப் பெட்டியை நான் ஆபீசில் ஒப்படைக்கவில்லை. குணதிலக்க மாத்தயாவிடம் கேட்டேன், "வச்சுக்க" என்றார். அதுதான் என் டீவி மேசைக்கடியில் கிடப்பது. மாத்தயா தான் ஓய்வு பெறும்வரை, எந்த வீட்டு முற்றத்தில் நின்றாலும் வானத்தைக் கேட்ட பிறகு "கொல?" என்று இரண்டாவதாக ஒன்றும் கேட்டார்.

லூர்தம்மா அக்கா போன வருடம் காலமானார். சாவுக்குப் போனேன். கல்லறை மேட்டில், கணவர் பக்கத்திலேயே குழி. டிஷ் எப்போதோ துருப்பிடித்து விழுந்துவிட்டது. கம்பம் மட்டும் இன்னும் நேராக நிற்கிறது, அதில் யாரோ ஒரு அரிக்கேன் லாம்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். சாமியார் ஜெபம் சொல்லி முடித்தார். ஒவ்வொருவராக மண் போட்டோம். எல்லாரும் விலகிய பிறகு பிள்ளைகள் இரண்டு பேரும் குழியோரத்தில் நின்றார்கள். அக்காவிடம் பேசும்போது எப்போதும் மறைத்து வைக்கிற இடக்கையை அருள் முன்னால் எடுத்தான். மரம் மாதிரி செங்குத்தாக நிறுத்தினான். ரோசலின் தன் வலக்கை விரலை அந்த உள்ளங்கையில் வைத்து, மேலிருந்து கீழே, சாய்வாக இழுத்தாள்.